பொருள் அகற்றம்

காலை ஒன்பது இருபதுக்குப் பவுலினின் தலைக்கவசத்தில் அழைப்பு வந்தது. பதினைந்தாவது கிலோமீட்டர், எண்ணூறாவது மீட்டர், இடது தடம். பொருள். எடை ஐம்பத்தெட்டு கிலோ.

"என்னாவாம்?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜபருல்லா.

"ஆமையா இருக்கும்."

"ஆமை எப்படி இம்புட்டு ஒசரம் ஏறும்?"

பவுலின் பராமரிப்பு வண்டியின் பொத்தானை அழுத்தினாள். வண்டி தானாகத் திரும்பி, தானாக வேகம் எடுத்தது.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை கடலின் மேல் முப்பத்திரண்டு கிலோமீட்டர் போகும் அந்தச் சுங்கச்சாலையில் யாரும் வண்டி ஓட்டுவதில்லை. சாவடியைத் தாண்டியதும் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். அதன்பின் எல்லா வண்டிகளையும் சாலையே ஓட்டும். லாரிகள் மணிக்கு நூற்றிருபதில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் முப்பதே மீட்டர் இடைவெளியில் பறக்கும். போகத் தடம் இரண்டு, வரத் தடம் இரண்டு, நடுவில் இடுப்பளவுச் சுவர். ஓரத்தில் இரண்டடி நடைபாதை. அதற்கு வெளியே கடல்.

பவுலின் அந்தச் சாலையின் இந்தியப் பகுதியில் பராமரிப்புக் குழுத் தலைவி. தங்கச்சிமடத்துக்காரி. முப்பத்தெட்டு வயது, ஆறு வருட வேலை. ஜபருல்லா கிரேன் பிரிவிலிருந்து மாற்றலாகி அவளிடம் வந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. அவளைவிடப் பதினெட்டு வயது மூத்தவர்.

"எனக்கு ஒண்ணு வெளங்கல பவுலினு. முன்னாடி ஒண்ணு கெடந்தா லாரி நிக்க வேணாமா?"

"மொத வருசம் நின்னுச்சு பாய். கொக்கு வந்தா நிக்கும், சாக்குப் பறந்தா நிக்கும். ஒருநா நாரைக்கூட்டம் எறங்குச்சுன்னு ஒரு பஸ்சு சட்டுன்னு நின்னுருச்சு. பின்னாடி பதினாலு வண்டி ஒண்ணுமேல ஒண்ணு ஏறிருச்சு. பத்தொம்பது பேரு செத்தாக. அதுக்கப்புறம் மாத்திட்டாக. இப்ப ரோட்டுல எது கெடந்தாலும் ரோடு அதுக்கிட்ட நீ யாருன்னு கேக்கும். இது இருந்தா பதில் போகும்."

தன் ஆரஞ்சு மேல்சட்டையில் நெஞ்சுப் பக்கம் தைத்திருந்த வில்லையைத் தட்டிக் காட்டினாள்.

"பதில் வந்தா உயிரு. வண்டியெல்லாம் வெலகும், எடமில்லேன்னா நின்னுரும். வரலேன்னா பொருளு. பக்கத்துத் தடம் காலியா இருந்தா வெலகிப் போகும். இல்லேன்னா முட்டிட்டுப் போகும். லாரிக்கு முன்னாடி இரும்புத் தட்டி எதுக்கு மாட்டியிருக்காகன்னு நெனச்சீக?"

"மனுசன் ஏறிட்டா?"

"ஏறக் கூடாதுன்னு பலகை வச்சிருக்கு பாய்."

அதற்குமேல் ஜபருல்லா கேட்கவில்லை.

அவர் கேட்காமல் விட்டது என்னவென்று பவுலினுக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் மூன்று மனிதர்களை அவள் சாலையிலிருந்து அகற்றியிருந்தாள். மூவரும் இறந்து கிடந்தவர்கள். படகு பழுதாகித் தூணைப் பிடித்து ஏறியவர்களாக இருக்கலாம். கள்ளத்தனமாகக் கரை மாற வந்தவர்களாகவும் இருக்கலாம். முதல் தடவை அவள் மேலாளர் ஹரிவர்தனுக்குப் போன் செய்தாள். சென்னையில் இருந்த அவர் பொறுமையாகத்தான் பேசினார். போலீஸ் வந்தால் சாலையை இரண்டு நாள் மூட வேண்டும், உடல் எந்த நாட்டுடையது என்று சண்டை வரும், பதிவேட்டில் பொருள் என்றுதான் விழுந்திருக்கிறது, பொருளை என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள் என்றார். பவுலின் செய்தாள். அன்றைக்கு அவளோடு இருந்தவர்கள் மறுமாதமே வேலையை விட்டுப் போனார்கள். அவள் போகவில்லை.

வண்டி நின்றது. அவர்கள் இறங்கியதும் வில்லைகள் பதில் சொல்ல, பின்னால் வந்த வண்டிகள் அந்தத் தடத்தை விட்டு விலகி வலது தடத்தில் போகத் தொடங்கின.

ஒரு ஆள் நடைபாதை ஓரம் கிடந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். உடம்பெல்லாம் நனைந்து உப்புப் பூத்திருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அது பத்தடி தள்ளிக் கிடந்தது. சாலையில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு.

பவுலின் குனிந்தாள். அவர் கை நீண்டு அவள் கணுக்காலைப் பிடித்தது.

"யா அல்லா, உயிரு இருக்கு!" ஜபருல்லா இடுப்புப் பெல்ட்டை உருவித் தொடையில் சுற்றி இறுக்கினார். அந்த ஆள் அலறினார். அலறிவிட்டுப் பவுலினைப் பார்த்துச் சொன்னார்:

"தங்கச்சி, தம்பி அங்கால நிக்கிறான். வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. மேல வரவேண்டாம் எண்டு கத்தத்தான் நான் ஓடினனான்."

அந்தக் கரையில் பேசாலைக்காரர். பெயர் சவிரி. இயந்திரம் நின்று, நீரோட்டம் படகைத் தூணில் அடித்து உடைத்திருக்கிறது. அண்ணன் இந்தத் தூணைப் பிடித்துப் பராமரிப்பு ஏணி வழியாக ஏறிவிட்டார். தம்பி அன்ரனைத் தண்ணீர் அடுத்த ஏணிக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தது.

பவுலின் நிமிர்ந்து கிழக்கே பார்த்தாள். இருநூறு மீட்டரில் சாலையின் குறுக்கே மஞ்சள் பட்டை. அதுதான் பதினாறாவது கிலோமீட்டர், எல்லை. அதைத் தாண்டி இன்னும் இருநூறு மீட்டரில் ஒருவன் தவழ்ந்து வந்துகொண்டிருந்தான். ஒரு கால் பின்னால் தொங்கலாக இழுபட்டது. நடைபாதையில் ஏணித் துவாரம் திறந்து கிடந்ததால், அதைச் சுற்றி வர அவன் சாலைக்குள் இறங்கியிருந்தான். ஒவ்வொரு லாரி போகும்போதும் காற்றில் அவன் உடம்பு புரண்டது. அண்ணன் இருக்கும் திசையை நோக்கித்தான் வந்தான்.

அவள் தலைக்கவசத்தின் பொத்தானை அழுத்தினாள்.

"அமலன் சார், தலைமன்னார், அமலன் சார்!"

"சொல்லுங்கோ அக்கா." தலைமன்னார் கட்டுப்பாட்டறையில் அமலநாதன். நான்கு வருடமாக இருவரும் ஒருநாளைக்குப் பத்துத் தடவையாவது பேசுபவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

"ஒங்க பக்கம் ஒரு ஆளு உயிரோட ரோட்டுல கெடக்காரு. நிப்பாட்டுங்க."

"கண்டனான் அக்கா. திரையில அறுபத்தொரு கிலோ எண்டு மட்டும்தான் காட்டுது."

"மனுசன் சார்! தவழ்ந்து வர்றாரு!"

"விளங்குது. ஆனா றோட்டை நிப்பாட்டுறதெண்டா ரெண்டு கரையும் ஒரே நேரத்தில ஒப்புக்கொள்ள வேணும். மீன்பிடிப் பிரச்சினை வந்த நேரம் இந்தக் கரை மறிக்க அந்தக் கரை மறிக்க எண்டு றோடு நிண்டதாலதான் அந்த ஒப்பந்தம் போட்டவை. உங்கட ஆள் சம்மதிச்சா நான் எங்கட ஆளைக் கேக்கலாம்."

பவுலின் ஹரிவர்தனைப் பிடித்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் அவர்கள் விவகாரம் என்றார். உங்கள் பகுதியைச் சுத்தம் செய்துவிட்டு வண்டியை எடுங்கள் என்றார். அவள் மேலும் பேசுவதற்குள் வைத்துவிட்டார்.

சவிரியை நடைபாதைக்கு இழுக்கும்படி ஜபருல்லாவிடம் சொல்லிவிட்டு, அவள் வண்டியில் ஏறி மஞ்சள் பட்டை வரை போனாள். வண்டி அங்கே சாலையோரத்தில் ஒதுங்கித் தானாக நின்றுவிட்டது. இறங்கினாள்.

"அக்கா, என்ன செய்யிறியள்?" அமலநாதனின் குரல் உயர்ந்தது. "கோட்டைத் தாண்டாதேங்கோ. உங்கட வில்லை எங்கட பதிவில இல்ல. தாண்டினா நீங்களும் பொருள்தான்."

"தெரியும் சார்."

"பின்னால நாப்பது கொள்கலன் லொறி வருது. ரெண்டு தடத்திலயும். விலகிப் போறதுக்கு இடமில்ல."

"அப்ப ஏதாச்சும் பண்ணுங்க," என்று சொல்லிவிட்டுப் பவுலின் பட்டையைத் தாண்டி நடைபாதையில் ஓடினாள்.

அமலநாதன் இருக்கையிலிருந்து எழுந்தான். அவனுக்கு முப்பத்துமூன்று வயது. அந்த அறையில் இன்னும் இருவர் இருந்தார்கள். முகாமையாளர் தர்மகுலசிங்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தொலைபேசியில் இருந்தார். காவலாளி கதவருகே நின்றான்.

திரையில் இரண்டு புள்ளிகள். அறுபத்தொரு கிலோ. எழுபது கிலோ. இரண்டுக்கும் மேலே பொருள் என்ற சொல். மேற்கிலிருந்து லாரிகளின் நீண்ட வரிசை.

ஆட்களின் பதிவேட்டில் கை வைக்க அவனுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் சாவடியில் கருவி பழுதானால் வாகனத்தைக் கையால் பதிகிற அதிகாரம் உண்டு. ஒரு நாளில் நாலைந்து தடவை செய்கிற வேலை. வாகனமாகப் பதிந்த எதையும் சாலை இடிக்காது.

"அக்கா! உங்கட வில்லை இலக்கத்தைச் சொல்லுங்கோ!"

ஓடிக்கொண்டே அவள் சொன்னாள். ஆறு வருடமாகத் தினம் காலையில் எழுதிக் கையெழுத்துப் போட்ட எண். "நாலு, சைபரு, ஏழு, ஏழு, ஒண்ணு..." ஆறாவது இலக்கத்தைச் சொன்னபோது லாரி ஒன்று அவளைத் தாண்டிப் போனது. அவனுக்குக் கேட்கவில்லை.

"கடைசி இலக்கம்! கடைசி என்ன?"

பதில் வரவில்லை.

அவள் அன்ரனை எட்டிவிட்டிருந்தாள். அவன் இன்னும் சாலைக்குள்ளேயே கிடந்தான். இரண்டு கைகளாலும் அவன் தோள்களைப் பிடித்து நடைபாதைப் பக்கம் இழுத்தாள். இரண்டாவது இழுப்பில், வரிசைக்கு முன்னால் தனியாக வந்த ஒரு லாரியின் இரும்புத் தட்டி அவள் இடது கையில் பட்டது. அவள் சுழன்று விழுந்தாள். வலி தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்து பார்த்தபோது கை முழங்கைக்கு மேலே வேறொரு திசையில் திரும்பி, தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் மேல்சட்டையை நனைத்து மடியில் ஊற்றியது.

"அக்கா! கடைசி இலக்கம்!"

"மூணு," என்றாள்.

கட்டுப்பாட்டறையில் தர்மகுலசிங்கம் வெளியே வந்து அமலநாதனின் தோளைப் பிடித்து இழுத்தார். "உமக்கு விசரோ? ஓடுற தடத்துக்கு நடுவில இல்லாத வாகனத்தைப் பதியிறீர்! நாப்பது லொறி, அதுக்குள்ள ஒரு பஸ், ஐம்பது சனம் இருக்குது. ஒண்டோட ஒண்டு மோதிச்செண்டா? அந்தப் பத்தொன்பது பேரின்ர பிரேதத்தையும் எண்ணினவன் நான்!"

அவர் சொன்னது பொய்யில்லை. அவன் அதை யோசிக்கவும் செய்தான். யோசித்துவிட்டு மேசையிலிருந்த எஃகுச் சுடுதண்ணீர்ப் போத்தலை எடுத்து அவர் முகத்தில் அடித்தான். பற்கள் உடையும் சத்தம் கேட்டது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். விரல்களுக்கு நடுவில் ரத்தம் வழிந்தது. காவலாளி ஓடிவந்து தடியால் அமலநாதனின் முதுகில் அடித்தான். அவன் நகரவில்லை. ஆறு இலக்கங்களையும் தட்டினான். அடுத்த அடி விசைப்பலகை மேல் இருந்த வலது கையில் விழுந்தது. இரண்டு விரல்கள் பின்பக்கமாக மடங்கின. அவன் முழங்கையை வைத்து உள்ளீட்டு விசையை அழுத்தினான்.

பவுலினுக்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில், ஒரு லாரி நின்றது.

ரப்பர் எரிகிற நாற்றம். அதற்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் நின்றன. எதுவும் மோதவில்லை. வலது தடத்தில் மட்டும் வண்டிகள் முன்போலவே பறந்துகொண்டிருந்தன.

"அக்கா, உங்களை வாகனமாப் பதிஞ்சிருக்கிறன்." அவன் குரலோடு அடிவிழும் சத்தமும் சேர்ந்து கேட்டது. "மூண்டு நிமிசம் அசையாம நிண்டா பழுதான வாகனம் எண்டு எடுக்கும். பின்னால நிக்கிற லொறியை விட்டுத் தள்ளும். எழும்புங்கோ. நடவுங்கோ. நூற்றைம்பது மீற்றரில ஒதுங்குமிடம் இருக்கு. அக்கா, ஒதுங்கேக்க..."

குரல் அறுந்துவிட்டது. அறையில் ஒலிவாங்கியின் கம்பியைக் காவலாளி பிடுங்கியிருந்தான்.

பவுலின் எழ முயன்று மறுபடி விழுந்தாள். அப்போது நடைபாதையில் யாரோ ஓடிவந்தார்கள். வரிசையில் ஐந்தாவதாக நின்ற பேருந்தின் அவசரக் கைப்பிடியை இழுத்துக் கதவைத் திறந்து இறங்கிய ஒரு பெண். வெளிர்நீலச் சுடிதார், முதுகில் பை.

"அக்கா, கையை அசைக்காதேங்கோ. நான் தாதி," என்று சொல்லிக்கொண்டே துப்பட்டாவை உருவினாள். தோளுக்குக் கீழே சுற்றி, பையிலிருந்த பேனாவைச் செருகி முறுக்கினாள். பவுலின் அலறினாள். "கத்துங்கோ, பரவாயில்ல. நல்லாக் கத்துங்கோ."

அவள் பெயர் லோஜினி. மன்னார்ப் பக்கத்து முருங்கன் ஊரைச் சேர்ந்தவள். இருபத்தாறு வயது. மதுரையில் மூன்று மாதப் பயிற்சி முடித்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் பவுலினுக்குப் பிறகு தெரிந்தவை.

"நிக்கக் கூடாதும்மா," என்றாள் பவுலின். "நின்னா லாரி தள்ளிரும். நான்தான் வண்டி. என் பக்கத்துலயே வா."

அந்தப் பேச்சு லோஜினிக்கு விளங்கியிருக்குமா என்று தெரியாது. ஆனால் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அன்ரனின் தொடை எலும்பு முறிந்திருந்ததைத் தடவிப் பார்த்தாள். பவுலின் வலது கையால் அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தாள். லோஜினி கால்பக்கம் நின்று இரண்டு முழங்கால்களையும் இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டாள். இரண்டடி நடைபாதையில் அப்படி நடக்க முடியாது. தடத்திலேயே நடந்தார்கள்.

அவர்கள் நடந்த வேகத்துக்கு லாரிகள் ஊர்ந்து வந்தன. கொள்கலன்களும் பேருந்தும் குளிர்வண்டிகளும் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நின்று நின்று வந்தன. பேருந்தின் சன்னல்களில் முகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒருவர் கண்ணாடியைத் தட்டி எதையோ கத்தினார். வேறு யாரும் இறங்கவில்லை.

"எவ்வளவு தூரம் அக்கா?"

"அந்தா, வெள்ளக்கோடு."

பவுலினுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அன்ரன் இரண்டு தடவை அவள் பிடியிலிருந்து நழுவினான். இரண்டு தடவையும் லோஜினி, "ஒண்டு, ரெண்டு, தூக்குங்கோ," என்றாள். ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள். "நல்லாச் சாப்பிட்டு வளந்த ஆள் போல," என்றாள்.

ஒதுங்குமிடம் வந்தது. சாலையோரத்தில் ஒரு லாரி நிற்கும் அளவுக்கு அகலப்படுத்தப்பட்ட இடம். பவுலின் முதுகைக் காட்டியபடி வெள்ளைக்கோட்டைத் தாண்டினாள்.

அவள் தாண்டியதும் தடத்திலிருந்த வாகனம் விலகிவிட்டதாகச் சாலை எடுத்துக்கொண்டது.

முதல் லாரி உறுமியது. பவுலின் நிமிர்ந்து பார்த்தாள். அன்ரனின் இடுப்பு வரை கோட்டுக்கு உள்ளே. லோஜினி இன்னும் தடத்தில். அவளும் திரும்பிப் பார்த்தாள். ஓடியிருந்தால் தப்பியிருப்பாளா என்று பின்னால் பல பேர் கேட்டார்கள். கால்களைப் போட்டுவிட்டு ஒரே தாவலில் உள்ளே வந்திருக்க முடியும். அவள் போடவில்லை. இரண்டு கைகளாலும் முழு பலத்தோடு அன்ரனை உள்ளே தள்ளினாள். அந்தத் தள்ளலில் பவுலினும் அவனும் சேர்ந்து கடல்பக்கத் தடுப்புச் சுவரில் போய் மோதினார்கள்.

இரும்புத் தட்டி லோஜினியின் மேல் ஏறியது. அடுத்த லாரியும் அவள்மேல் ஓடியது. அதற்கடுத்ததும். பேருந்தும். அவள் வந்த பேருந்துதான். பதினெட்டாவது வண்டி வரை பவுலின் எண்ணினாள். அதற்குப் பிறகு நினைவில்லை.

பவுலினின் கையை ஆஸ்பத்திரியில் தோளோடு எடுத்துவிட்டார்கள். சவிரி ஒரு காலோடும், அன்ரன் இரும்புக் கம்பி வைத்த காலோடும் பிழைத்தார்கள். அமலநாதன் மேல் கொலை வழக்குப் போட்டார்கள். இல்லாத வாகனத்தைப் பதிந்து ஒரு பயணியின் சாவுக்குக் காரணமானான் என்பது குற்றச்சாட்டு. தர்மகுலசிங்கத்தைத் தாக்கியது இன்னொரு வழக்கு.

ஏழு மாதம் கழித்து மன்னாரில் விசாரணை. சாட்சி சொல்லப் பவுலினைக் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின நாள் ஹரிவர்தன் அவளைப் பார்க்க வந்தார். நிறுவனத்தில் எல்லோரும் அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதாகச் சொன்னார். ஆயுள் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவதாகச் சொன்னார். "ஒரே ஒரு கேள்வி வரும், பவுலின். இதுக்கு முன்னாடி இப்படி நடந்ததுண்டான்னு. என்ன சொல்லணும்னு உங்களுக்கே தெரியும்."

நீதிமன்றத்தில் அவள் முதன்முறையாக அமலநாதனைப் பார்த்தாள். குரலை வைத்து உயரமான ஆள் என்று நினைத்திருந்தாள். குள்ளமாக, ஒல்லியாக, வலது கையில் இரண்டு விரல் வளைந்துபோய்க் கூண்டில் நின்றான். அவளுடைய வெறும் தோளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் தன் வாக்குமூலத்தில் சொன்னான்: "ஒதுங்கேக்க எல்லாரும் ஒண்டாத் தாண்ட வேணும், கடைசியா அக்கா தாண்ட வேணும் எண்டு சொல்லத்தான் வாயெடுத்தனான். அதுக்குள்ள கம்பியைப் பிடுங்கிப்போட்டினம். திரையில நான் பார்த்தனான். கத்தினனான். அவைக்குக் கேக்கேல்ல."

முன்வரிசையில் லோஜினியின் தகப்பனார் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. மகளின் சான்றிதழ் இருந்த உறையை மடியில் வைத்திருந்தார்.

நிறுவனத்தின் வழக்கறிஞர் பவுலினிடம் கேட்டார். "உங்கள் ஆறு வருடப் பணியில், இந்தச் சம்பவத்துக்கு முன், சாலையில் மனிதர் எவரும் அடிபட்டதாக நீங்கள் அறிவீர்களா?"

"மூணு பேரு," என்றாள் பவுலின்.

வழக்கறிஞர் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"செத்துக் கெடந்தாக. பொருளுன்னு பதிவாகியிருந்துச்சு. மேலாளர் அகற்றச் சொன்னாரு. நான்தான் கடல்ல தள்ளுனேன். நாலாவது கிலோமீட்டர்ல ஒருத்தரு, பதினொண்ணுல ஒருத்தரு, ஒம்பதுல ஒருத்தரு. ஒம்பதாவது கிலோமீட்டர்ல கெடந்தவருக்கு வலது கால்ல ரெண்டு வெரலு இல்ல. பழைய காயம். கால்பக்கமாப் பிடிச்சதுனால தெரியும்."

அப்போது கூண்டிலிருந்து அமலநாதன் சொன்னான்: "ஐயா, எங்கட பக்கம் ஐஞ்சு பேர். திகதி, நேரம் எல்லாம் சொல்லுவன். பொருள் எண்டு உறுதிப்படுத்தினது இந்தக் கைதான். இதைக் கேட்டுப்போட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கோ."

அவனுக்கு நான்கு வருடச் சிறை. பவுலினை ராமேஸ்வரத்தில் கைது செய்து பதினெட்டு நாளில் ஜாமீனில் விட்டார்கள். ஹரிவர்தன் வேறொரு நாட்டுச் சாலைக்கு மாற்றலாகிப் போனார். சாலை ஒருநாள்கூட மூடப்படவில்லை. தீர்ப்புக்குப் பின் மூன்றாவது மாதத்தில் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இரு கரை மீனவர்களும் விரும்பினால் சாவடிக்கு வந்து தங்களை வாகனமாகப் பதிந்துகொள்ளலாம். முதல் வாரத்திலேயே வரிசை அரை கிலோமீட்டருக்கு நின்றது. ஜபருல்லா வேலையை விட்டுவிட்டார் என்று யாரோ சொன்னார்கள்.

ஒரு சனிக்கிழமை முற்பகல் பவுலின் வாசலில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் துணி பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு நுனியைக் காலில் மிதித்துக்கொண்டு மறு நுனியை முறுக்க வேண்டும். அப்போது தெருக்கோடியிலிருந்து ரீத்தா வந்தாள். மூன்று தெரு தள்ளி இருப்பவள். அவள் புருசன் எமரிட் ஒன்றரை வருடத்துக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வலையிழுக்கும் விஞ்சில் மாட்டி வலது காலில் இரண்டு விரல் போனவன். பாம்பனிலிருந்து எல்லோரும் தேடினார்கள். அந்த நாட்களில் பவுலினும் ரீத்தாவின் வீட்டுக்குப் போய்த் துக்கத்தில் உட்கார்ந்து வந்தவள்தான்.

ரீத்தா வந்த வேகத்தில் பவுலினின் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினாள். முகத்தில் அறைந்தாள். காலால் வயிற்றில் உதைத்தாள். துணிவாளியை எடுத்துத் தலையில் அடித்தாள். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வெளியே வந்து நின்றார்கள். ஒருத்தி தடுக்க வந்தாள். மற்றவர்கள் அவளைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். பவுலின் கையைத் தூக்கவில்லை.

கடைசியில் ரீத்தாவுக்கே மூச்சு வாங்கியது. ஈரத்தரையில் பவுலினுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுக்கு வந்து ஒக்காந்திருந்தியேடி."

"அப்ப எனக்குத் தெரியாது ரீத்தா. கோர்ட்டுல சொல்லிட்டு வெளிய வந்தப்பதான், எமரிட்டுக்கு வெரலு இல்லையேன்னு நெனப்பு வந்துச்சு."

"மொகம் எப்படி இருந்துச்சு? அடிபட்டிருந்துச்சா? கண்ணு மூடியிருந்துச்சா?"

பவுலின் புடவைத் தலைப்பால் கண்ணிலிருந்த ரத்தத்தைத் துடைத்தாள்.

"மொகத்தப் பாக்கல."

"ஏன் பாக்கல?"

"பாத்திருந்தா தள்ளியிருக்க முடியாது."

ரீத்தா எழுந்து, அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள்.

"நாளைக்குக் காலையில வள்ளம் சொல்லி வச்சிருக்கேன். வந்து எடத்தக் காட்டு," என்றாள்.

பவுலின் சரி என்றாள்.